அயோவா மல்யுத்த அணி: 30 பேரில் யார் யார், பயிற்சியாளர் எத்தனை பேர், பணம் எங்கிருந்து வருகிறது?

சோளக்காட்டான்

பிலடெல்பியாவில் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய மல்யுத்தப் போட்டி முடிந்து இத்தனை மாதமாகியும் இங்கே "பிராண்ட்ஸை வீட்டுக்கு அனுப்பு" என்று நம் தலைமைப் பயிற்சியாளர் டாம் பிராண்ட்ஸைப் பற்றிய ஒரே பாட்டுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 மார்ச்சில் பென் ஸ்டேட் 177 புள்ளி, நெப்ராஸ்கா 117, ஓக்லஹோமா ஸ்டேட் 102.5, நம் அயோவா 81. வலிக்கத்தான் செய்கிறது. அதற்காகப் பயிற்சியாளரின் தலையை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தால் விஷயம் பிடிபடாது. அணியின் ஆள்கணக்கும் பணக்கணக்கும் அடியோடு மாறிவிட்டன. அதைப் பேசத்தான் இந்த இழை.

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். அதுவரை முதல் பிரிவு (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டம்) மல்யுத்தத்தில் ஒரு கல்லூரி 9.9 ஸ்காலர்ஷிப்தான் தரலாம். ஆள் எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இப்போது தலைகீழ். சமரசத்தில் சேர்ந்த கல்லூரி 30 பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த 30 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுத்தாலும் கேட்பாரில்லை.

என் கட்சி இதுதான்: இந்த 30 என்ற எண், எடைப்பிரிவுக்கு ஒருவராகக் களத்தில் இறங்கும் மேலே இருக்கிற பத்துப் பேரைத் தொடப்போவதில்லை. கீழே இருக்கிற இருபது பேரைத்தான் மாற்றப்போகிறது. அயோவா என்ற அணியே அந்த இருபது பேரால் ஆனது.

கருப்பு மேட்

அண்ணே, கணக்கு பேசுகிறேன் என்று சொல்லிப் பயிற்சியாளருக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்.

அயோவாவுக்குப் பணப்பஞ்சம் என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும். கார்வர் அரங்கம் 15 ஆயிரம் பேர் கொள்ளும். மல்யுத்தத்துக்கு அதை நிரப்புகிற ஊர் அமெரிக்காவில் வேறு எங்கே? 2015 நவம்பரில் கின்னிக் கால்பந்து மைதானத்தில் மேட் விரித்து ஓக்லஹோமா ஸ்டேட்டோடு மோதினார்களே, அன்றைக்கு வந்த கூட்டம் 42,287. போதாததற்கு 2024இல் கோஷ்கி குடும்பத்தின் பெயரில் புதுப் பயிற்சிக்கூடம். ஏறக்குறைய மூன்று கோடி டாலர், அங்கிருந்து கார்வருக்குச் சுரங்கப்பாதை வேறு.

இவ்வளவும் வைத்துக்கொண்டு கடைசியாகப் பட்டம் வாங்கியது 2021இல். அதற்கு முன்னால் 2010.

இன்னொன்றும் பாருங்கள். 2025இல் நமக்குக் கிடைத்த ஒரே சாம்பியன் 197 பவுண்டில் ஸ்டீபன் புக்கானன். அவர் வையோமிங்கில் தொடங்கி, ஓக்லஹோமா போய், ஒரே ஒரு ஆண்டுக்கு இங்கே வந்தவர். 165இல் இறுதிவரை போன கலியெண்டோ நார்த் டகோட்டா ஸ்டேட்டில் இருந்து வந்தவர். டீமரும் பார்க்கோவும் அரிசோனா ஸ்டேட்டில் இருந்து. கீழே இருக்கிற இருபது பேரில் இருந்து எழுந்து வந்தவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஜெர்ஸி அம்மா

வணக்கம். நான் இங்கே அதிகம் எழுதியதில்லை. நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி. மகன் பதினோராம் வகுப்பு. பள்ளி அணியில் 132 பவுண்டில் ஆடுகிறான். மாநில அளவில் முதல் ஐந்துக்குள் வருகிறவன் இல்லை, ஆனால் மோசமும் இல்லை. அவனுக்கு அயோவா மீது பைத்தியம். சுவரில் ஸ்பென்சர் லீ படம்தான். "ஸ்காலர்ஷிப் வேண்டாம், வாக்-ஆனாகப் போய்ச் சேர்ந்துகொள்கிறேன்" என்கிறான்.

நீங்கள் சொல்லும் 30 பேர் கணக்கில் இவனைப் போன்ற பிள்ளைக்கு இடம் இருக்குமா? இந்த 9.9 என்பதும் புரியவில்லை. பத்து எடைப்பிரிவு இருக்கும்போது ஏன் பத்துகூட இல்லை?

கணக்குப்பிள்ளை

அக்கா, 9.9க்கு நியாயமெல்லாம் தேடாதீர்கள். கூடைப்பந்தில் ஒரு ஆள் என்றால் ஒரு முழு ஸ்காலர்ஷிப். மல்யுத்தம், நீச்சல், ஓட்டம் எல்லாம் வேறு வகை. ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்து, அதை எப்படி வேண்டுமானாலும் கூறு போட்டுக்கொள் என்று விட்டுவிடுவார்கள். நட்சத்திரத்துக்கு முக்கால், அடுத்தவருக்குக் கால், இன்னொருவருக்குப் புத்தகச் செலவு மட்டும். முப்பது பேருக்குப் பிரித்தால் சராசரி மூன்றில் ஒரு பங்கு.

இதில்தான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சூட்சுமம். அயோவாவில் உள்ளூர்ப் பிள்ளைக்குக் கல்விக்கட்டணம் ஆண்டுக்கு 11 ஆயிரம் டாலரை ஒட்டி வரும். வெளிமாநிலத்துப் பிள்ளைக்கு 33 ஆயிரத்துக்கு மேல். ஆக, நியூ ஜெர்சிப் பையன் ஒருவனுக்குக் கொடுக்கும் முழுக் கல்விக்கட்டணத்தில் மூன்று உள்ளூர்ப் பையன்கள் படித்துவிடலாம். பழைய அயோவா அணியில் உள்ளூர்ப் பையன்கள் நிறைந்திருந்ததற்கு மண்பாசத்தோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இப்போது அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. 30 பேருக்கும் முழுதாகக் கொடுக்கிறோம் என்று ஒரு கல்லூரி துணிந்தால் 20 ஸ்காலர்ஷிப் கூடுதல். வெளிமாநிலப் பிள்ளைக்குத் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 50 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் புதுச் செலவு. இதை யார் தருவது?

2025-26இல் ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு பிரித்துக் கொடுக்கலாம் என்று வைத்திருக்கும் உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துத்தான் இது. புதிதாகக் கூட்டும் ஸ்காலர்ஷிப்பில் 25 லட்சம் வரை இந்த வரம்புக்குள்ளேயே கழித்துக்கொள்ள வேண்டும். பெரிய கல்லூரிகள் பலவும் பேசிக்கொண்ட பங்கீடு கால்பந்துக்கு 75 சதவீதம், ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 5. அந்தக் கடைசி ஐந்தில் மல்யுத்தம், பேஸ்பால், வாலிபால், ஓட்டம், கோல்ஃப் எல்லாரும் கையை நீட்ட வேண்டும்.

சோளக்காட்டான்

கருப்பு மேட் தம்பி கேட்டதற்கு வருகிறேன்.

பத்து எடை: 125, 133, 141, 149, 157, 165, 174, 184, 197, 285. முப்பது பேர் என்றால் எடைக்கு மூன்று பேர். ஒருவர் களத்தில் இறங்குபவர். ஒருவர் அவருக்கு மாற்று. மூன்றாமவர் ரெட்ஷர்ட் போட்டு, அதாவது அந்த ஆண்டு அணிக்காகக் களத்தில் இறங்காமல், காத்திருக்கும் முதலாண்டுப் பையன். காகிதத்தில் சரியாகத்தான் வருகிறது.

பயிற்சிக்கூடத்தில் நின்று பார்த்தால் வராது. 285இல் ஆடுபவனைத் தூக்கிப் பழக அதே கனத்தில் இன்னொரு ஆள் வேண்டும். 197காரனை விட்டால் நாள்பூராவும் அவன் முதுகு தாங்காது. மூவரில் ஒருவருக்கு முழங்கால், இன்னொருவருக்குத் தோல்தொற்று என்றால், மீதி ஒருவர் பக்கத்து எடைக்காரனோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். நவம்பரில் இது சமாளிக்கக்கூடியது. பிப்ரவரியில் பாதி அணி கட்டுப்போட்டு உட்கார்ந்திருக்கும்போது வாக்-ஆன் பையன்கள்தான் கூடத்தை ஓட்டுவார்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று வந்து, முதல் ஆட்டக்காரனிடம் விழுந்து விழுந்து எழுவார்கள். போட்டி நாளன்று இவர்கள் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லமாட்டார்கள்.

பழைய பயிற்சியாளர் டான் கேபிள் காலத்திலிருந்து அயோவாவின் பலமே அதுதான். 1976இலிருந்து 1997 வரை 15 தேசியப் பட்டம். அவருடைய கூடத்தில் மூன்றாம் ஆளாக இருந்தவன் வேறு கல்லூரியில் முதல் ஆளாக இருந்திருப்பான் என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். அப்படி ஒரு கூடத்தை 30 பேரை வைத்து நடத்த முடியுமா என்பதுதான் என் கேள்வி.

மலைச்சிங்கம்

பென்சில்வேனியாவில் இருந்து எழுதுகிறேன், கல்லெறியாமல் கேளுங்கள்.

நீங்கள் இருவரும் ஊழியர் பக்கத்தைத் தொடவே இல்லை. எங்கள் பென் ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளர் கேல் சாண்டர்சன் 2009இல் அயோவா ஸ்டேட்டை விட்டு இங்கே வந்தார். கூடவே அண்ணன் கோடி, கேசி கன்னிங்காம். பிறகு ஜேக் வார்னர். இத்தனை ஆண்டில் தலைகள் மாறவே இல்லை. 2011இலிருந்து 2025 வரை 12 பட்டம். 2024இல் இரண்டாம் இடம் வந்த கார்னெலை விடச் சரியாக 100 புள்ளி அதிகம். 2025இல் பத்து எடையிலும் பத்துப் பேரும் முதல் எட்டுக்குள்.

இதைப் பணத்தால் வாங்கியது என்று சொல்வதுதான் எனக்குச் செரிக்கவில்லை. எங்கள் ரெக் ஹாலில் ஆறாயிரத்துச் சொச்சம் பேர்தான் உட்காரலாம். டிக்கெட் வருமானத்தில் உங்களுக்குப் பக்கத்தில்கூட வரமுடியாது. ஆண்டுக்கு ஓரிரு முறைதான் பிரைஸ் ஜோர்டான் அரங்குக்குப் போகிறோம்.

கருப்பு மேட்

பணமே இல்லாத ஏழை பென் ஸ்டேட்! சிங்கம் சார், நிட்டனி லயன் மல்யுத்த கிளப் என்று ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட்டீர்களே.

ஜெர்ஸி அக்காவுக்காகச் சொல்கிறேன். பெரிய கல்லூரிகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் வட்டாரப் பயிற்சி மையம் என்று ஒரு கிளப் இருக்கும். சட்டப்படி கல்லூரிக்குச் சம்பந்தமில்லாத, லாபநோக்கற்ற அமைப்பு. நன்கொடையில் ஓடுவது. படிப்பை முடித்து ஒலிம்பிக்குக்குத் தயாராகும் ஆட்களுக்கு இந்த கிளப் மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகை தரும். அவர்கள் பயிற்சி எடுப்பது கல்லூரிப் பையன்கள் இருக்கும் அதே கூடத்தில். டேவிட் டெய்லர் டோக்கியோவில் இரானின் யாஸ்தானியை வீழ்த்தித் தங்கம் வாங்கினாரே, அவர் கல்லூரியில் ஆடியதும் பல ஆண்டு பயிற்சி எடுத்ததும் பென் ஸ்டேட்டில்தான். பத்தொன்பது வயதுப் பையனுக்கு உலகச் சாம்பியன் பயிற்சித் துணையாகக் கிடைத்தால், வாக்-ஆன் எதற்கு?

30 பேர் வரம்பு இந்த கிளப் ஆட்களைக் கணக்கில் எடுக்காது. எந்த ஊரில் கிளப் பலமாக இருக்கிறதோ அந்த ஊர்க் கூடத்தில் ஆள் குறையாது. நமக்கும் ஹாக்கை மல்யுத்த கிளப் இருக்கிறது. ஸ்பென்சர் லீ அங்கிருந்துதான் பாரிஸ் போய் வெள்ளி வாங்கினார். ஆனால் எல்லா எடையிலும் அப்படி ஆள் இருக்கிறதா? மேல் எடைகளில் யார்?

ஆகவே சோளக்காட்டாரே, உங்கள் "கீழே இருக்கிற இருபது பேர்" கதை 1985க்குச் சரி.

சோளக்காட்டான்

தம்பி, நீங்கள் சொன்னது என் வாதத்துக்குத்தான் வலுச்சேர்க்கிறது. கீழ் இருபது பேரின் வேலையைக் காசு கொடுத்து வாங்கும் நிலை வந்துவிட்டது என்கிறீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். முன்பு சும்மா கிடைத்தது, இப்போது நன்கொடையாளர் சட்டைப்பையிலிருந்து வரவேண்டியிருக்கிறது.

ஊழியர் விஷயத்திலும் அதே கதை. முன்பெல்லாம் தலைமைப் பயிற்சியாளர், இரண்டு உதவியாளர், அப்புறம் "தன்னார்வப் பயிற்சியாளர்" என்று ஒருவர். தன்னார்வம் என்றால் கல்லூரி ஒரு காசு தரக்கூடாது. மனிதர் முழுநேரமும் கூடத்தில் இருப்பார். கிளப்பும் கோடைக்கால முகாம்களும்தான் அவருக்குச் சோறு போடும். 2023 ஜூலையில் அந்தப் பதவியை ஒழித்து, அந்த இருக்கைக்கும் சம்பளம் தரலாம் என்றார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் "தரலாம்" என்றுதான் சொன்னார்களே தவிர, பணத்தைக் கொடுத்துவிட்டுச் சொல்லவில்லை. வசதியுள்ள இடத்தில் நான்காவது ஆளுக்கு ஒழுங்கான சம்பளம். வசதியில்லாத இடத்தில் அந்த நான்காவது ஆள் பழைய கதைதான்.

மலைச்சிங்கம்

கிளப் பணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நெப்ராஸ்காவை என்ன சொல்வீர்கள்? பயிற்சியாளர் மார்க் மேனிங் 2000இலிருந்து அங்கேயே இருக்கிறார். 2025இல் இரண்டாம் இடம். அவர்களுடைய இரண்டு சாம்பியன்களும், 149இல் ரிட்ஜ் லவெட், 157இல் ஆன்ட்ரெல் டெய்லர், போர்ட்டலில் (வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாறும் வழி) வாங்கியவர்கள் இல்லை. அங்கேயே சேர்ந்து அங்கேயே வளர்ந்தவர்கள்.

மறுபக்கம் ஓக்லஹோமா ஸ்டேட். பயிற்சியாளர் ஜான் ஸ்மித் 33 சீசன் இருந்துவிட்டு 2024இல் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு அணி பத்தாம் இடம். டேவிட் டெய்லர் வந்தார், ஒரே ஆண்டில் மூன்றாம் இடம். 174இல் ஹமிட்டி விஸ்கான்சினிலிருந்து வந்தவர். ஹெவிவெயிட்டில் ஹென்ட்ரிக்சன் விமானப்படை அகாடமியிலிருந்து வந்து, இறுதிப்போட்டியில் கேபிள் ஸ்டீவ்சனை 5-4 என்று சாய்த்தார். நம்ப முடியாத ஆட்டம் அது. கடைசி அரை நிமிடம்வரை ஸ்டீவ்சன்தான் முன்னிலை.

இரண்டு வழியும் வேலை செய்கிறது. அயோவா எந்த வழி என்று முடிவே பண்ணவில்லை, அதுதான் உங்கள் கோளாறு என்று எனக்குப் படுகிறது.

கருப்பு மேட்

இதை ஒரு பென் ஸ்டேட்காரர் வாயால் கேட்கவேண்டியிருக்கிறதே!

ஆனால் உண்மை. டாம் பிராண்ட்ஸ் 96இல் அட்லாண்டாவில் தங்கம், அவருடைய இரட்டைச் சகோதரர் டெரி 2000இல் சிட்னியில் வெண்கலம். இருவரும் 2006க்குப் பிறகு சேர்ந்து கட்டியது முரட்டுப் பயிற்சிக் கூடம். அது நான்கைந்து ஆண்டு ஒருவனை உருட்டிச் செதுக்குகிற முறை. ஒரு ஆண்டுக்கு மட்டும் வருபவனை அதில் எப்படிச் செதுக்குவது? அவன் வரும்போதே முழு ஆளாகத்தான் வருவான். செதுக்குகிற பட்டறையை வைத்துக்கொண்டு கடையில் வாங்கிய பொருளை அடுக்குகிறோம்.

டேக்டவுன் (எதிராளியைத் தரையில் சாய்ப்பது) விழுந்தால் கார்வரில் 15 ஆயிரம் பேரும் ஒரே குரலில் "டூ!" என்று கத்துவார்கள். 2023 முதல் டேக்டவுனுக்கு மூன்று புள்ளி. என் பக்கத்து இருக்கைப் பெரியவர் இன்னும் இரண்டு விரலைத்தான் நீட்டுகிறார். பழக்கம் அப்படி.

கணக்குப்பிள்ளை

நீங்கள் மூவரும் பணக்கார வீட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை வேறு.

1980களின் தொடக்கத்தில் முதல் பிரிவில் 140க்கு மேல் மல்யுத்த அணிகள் இருந்தன. இப்போது 80க்கும் குறைவு. அணியை மூடுவது எவ்வளவு சுலபம் என்பதற்குச் சில கதைகள்.

பாய்சி ஸ்டேட் 2017 ஏப்ரலில் மல்யுத்தத்தை மூடியது. காரணம், பேஸ்பால் அணியைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமாம். 2020இல் பேஸ்பால் 14 ஆட்டம் ஆடியது. கொரோனா வந்தது. அந்த ஜூலையில் பேஸ்பாலையும் மூடிவிட்டார்கள். இருந்ததும் போச்சு, வந்ததும் போச்சு.

ஓல்ட் டொமினியன் 2020 ஏப்ரலில் மூடியது. ஃப்ரெஸ்னோ ஸ்டேட் 2006இல் மூடி, 2017இல் திறந்து, 2020 அக்டோபரில் மறுபடி மூடப்போவதாக அறிவித்தது.

ஸ்டான்ஃபோர்டு கதையை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. 2020 ஜூலையில் மல்யுத்தம் உட்பட 11 விளையாட்டை நிறுத்தப்போகிறோம் என்றது. உலகத்திலேயே சொத்து அதிகமுள்ள பல்கலைக்கழகங்களில் ஒன்று! 2021 மார்ச்சில் ஷேன் கிரிஃபித் 165 பவுண்டில் இறங்கியபோது உடம்பில் வெறும் கறுப்பு உடை. கல்லூரிப் பெயரும் இல்லை, சின்னமும் இல்லை. அப்படியே தேசியச் சாம்பியன் ஆனார். பழைய மாணவர்கள் ஒரு கோடி டாலருக்கு மேல் தருவதாகச் சொல்லி நின்றார்கள், வழக்கும் போட்டார்கள். மே மாதத்தில் கல்லூரி 11 விளையாட்டையும் தொடர்வதாக அறிவித்தது.

இந்தக் கதைகளில் வெளியே எடுக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். எந்த அணிக்குச் சொந்தமாக வைப்புநிதி இருக்கிறதோ, அல்லது ஓர் இரவில் திரட்டக்கூடிய பழைய மாணவர் கூட்டம் இருக்கிறதோ, அது பிழைக்கும். கல்லூரியின் பொதுக் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் சம்பளம் வாங்கும் அணிக்கு உத்தரவாதம் கிடையாது. இப்போது ஹவுஸ் சமரசத்தில் பழைய வீரர்களுக்குத் தரவேண்டிய 280 கோடி டாலர் பத்து ஆண்டில் போகிறது. அதில் பெரும்பகுதி கல்லூரிகளுக்கு வரவேண்டிய பங்கில் பிடிக்கப்படுகிறது. பெரிய மாநாடுகளில் (கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் போட்டி நடத்தும் கூட்டமைப்புகள்) இருக்கும் கல்லூரிகளுக்குத் தொலைக்காட்சிப் பணம் இருக்கிறது. நம் அயோவா இருக்கும் பிக் டென் மாநாட்டுக்கு ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசியோடு ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலர் ஒப்பந்தம். நடுத்தரக் கல்லூரியின் மல்யுத்த அணிக்கு?

மலைச்சிங்கம்

மூடப்பட்டதற்கு டைட்டில் ஒன்பது சட்டம்தானே முக்கியக் காரணம்? பெண்களுக்குச் சம வாய்ப்பு தரவேண்டும் என்று ஆண்கள் அணிகளை வெட்டினார்கள். பயிற்சியாளர் சங்கமே 2002இல் கல்வித்துறை மீது வழக்கு போட்டது.

கணக்குப்பிள்ளை

போட்டார்கள், தோற்றார்கள். அந்தச் சட்டம் 1972இல் வந்தது. படிப்பிலும் விளையாட்டிலும் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்றது. மல்யுத்தத்தை மூடச் சொல்லவில்லை. கால்பந்துக்கு 85 முழு ஸ்காலர்ஷிப்பை ஒதுக்கிவிட்டு, மீதியில் சமன்பாடு போட்டால் யாராவது விழத்தான் வேண்டும். இப்போது கால்பந்துக்கு 105 பேர் வரம்பு. அங்கே கை வைக்க எந்த விளையாட்டுத் துறை இயக்குநருக்கும் தைரியம் கிடையாது.

நம் அயோவாவிலேயே எதிர்க்கதை இருக்கிறது. 2020 ஆகஸ்டில் நான்கு விளையாட்டை வெட்டினார்கள்: ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், ஆண்கள் டென்னிஸ், ஆண் பெண் நீச்சல் இரண்டும். பெண் நீச்சல் வீராங்கனைகள் டைட்டில் ஒன்பதின் கீழ் வழக்கு போட்டு 2021 பிப்ரவரியில் தங்கள் அணியை மீட்டார்கள். அந்த வழக்கின் சமரசத்தில் வந்த பலன்களில் ஒன்றுதான் பெண்கள் மல்யுத்த அணி! பெரிய ஐந்து மாநாடுகளில் முதல் அணி. லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய கிளாரிசா சுன் பயிற்சியாளர். 2023-24இல் முதல் சீசன். முதல் சீசனிலேயே தேசியப் பட்டம். 2025இல் மறுபடியும். மூன்று கோடி டாலர் கூடத்தில் இப்போது இரண்டு அணி. நன்கொடையாளரிடம் போய் நிற்கும்போதும் இரண்டு அணிக்காகக் கேட்கலாம். எந்தச் சட்டத்தைத் திட்டுகிறோமோ அதனால்தான் இந்த ஊரில் மல்யுத்தத்தின் வேர் ஆழமாகியிருக்கிறது.

சோளக்காட்டான்

இதில் கணக்குப்பிள்ளையோடு முழு உடன்பாடு. பெண்கள் போட்டிக்குக் கார்வருக்கு வரும் கூட்டத்தில் சின்னப் பெண் பிள்ளைகளைப் பார்க்கவேண்டுமே. ஐந்தாண்டு முன்பு இந்தக் குடும்பங்கள் இந்தப் பக்கமே வரவில்லை.

ஜெர்ஸி அம்மா

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். நன்றி. கறுப்பு உடைக் கதையை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். அவனுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

ஆனால் என் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. இவன் அயோவாவுக்கு வாக்-ஆனாகப் போகலாமா, கூடாதா?

சோளக்காட்டான்

மன்னிக்கணும் அக்கா. நேராகவே சொல்கிறேன். போன பத்தாண்டில் என்றால் "போகட்டும், அனுபவம் கிடைக்கும்" என்றிருப்பேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். 133இலோ 141இலோ மூன்று இடம். அதில் ஒன்று போர்ட்டலில் வருபவருக்கு என்று பயிற்சியாளர் மனதில் ஒதுக்கிவைத்திருப்பார். ஒன்று நாட்டிலேயே முதல் இருபதுக்குள் வரும் முதலாண்டுப் பையனுக்கு. மிஞ்சிய ஒன்றுக்கு அயோவா மாநிலத்துப் பையன்கள் பத்துப் பேர் நிற்பார்கள். அவர்களுக்குக் கட்டணமும் குறைவு. நீங்கள் வெளிமாநிலக் கட்டணத்தை முழுதாகக் கட்டிவிட்டு, போட்டிக்காலம் தொடங்கும்போது "30க்குள் நீ இல்லை தம்பி" என்று கேட்கவேண்டி வரலாம்.

ஏற்கெனவே அணியில் இருந்து இந்த வரம்பால் வெளியேறியவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. வில்கன் அம்மையார் பிடிவாதமாக நின்று வாங்கிக்கொடுத்தது. அவர்களைக் கல்லூரி விரும்பினால் 30க்கு மேலும் வைத்துக்கொள்ளலாம். புதிதாக வரும் உங்கள் மகனுக்கு அது பொருந்தாது.

கருப்பு மேட்

இதில் நானும் அண்ணன் கட்சிதான்.

ஆனால் மல்யுத்தம் என்றால் முதல் பிரிவு மட்டும் இல்லையே. இதே அயோவாவில் வேவர்லியில் வார்ட்பர்க் இருக்கிறது. மூன்றாம் பிரிவில் அவர்களும் மினியாபொலிஸ் ஆக்ஸ்பர்க்கும்தான் பல ஆண்டாகப் பட்டத்தைப் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் பிரிவில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும்தான் உதவி. 30 பேர் வரம்பும் அங்கே இல்லை. டெமாயினில் கிராண்ட் வியூ இருக்கிறது, அது என்ஏஐஏ என்ற வேறு சங்கத்தில் ஆடும் கல்லூரி, அங்கே விளையாட்டுக்கும் கொஞ்சம் உதவி தரலாம். பையன் படிப்பில் கெட்டி என்றால் ஹார்வர்ட், கார்னெல் மாதிரி ஐவி கல்லூரிகள். அவர்கள் ஹவுஸ் சமரசத்தில் சேரவே இல்லை. அங்கே எப்போதும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை. கார்னெல் அப்படியிருந்தும் 2024இல் நாட்டிலேயே இரண்டாம் இடம்.

இன்னொன்று: சின்ன இடம் என்றால் ஆட வாய்ப்பு. கலியெண்டோ முதலில் போனது நார்த் டகோட்டா ஸ்டேட்தானே? அங்கே ஆடிக் காட்டினார், அப்புறம் அயோவா கூப்பிட்டது. போர்ட்டல் என்பது கீழிருந்து மேலே வருவதற்கும் வழிதான்.

கணக்குப்பிள்ளை

அக்கா, எந்தப் பயிற்சியாளரிடம் பேசினாலும் "பையனுக்கு இடம் இருக்கா" என்று கேட்காதீர்கள். எல்லாரும் "இருக்கு, கடினமாக உழைத்தால்" என்பார்கள். நீங்கள் கேட்கவேண்டியது: உங்கள் கல்லூரி சமரசத்தில் சேர்ந்திருக்கிறதா? போன ஆண்டு சீசன் முடிவில் அணியில் எத்தனை பேர்? அதில் ஸ்காலர்ஷிப் இல்லாதவர் எத்தனை பேர்? என் மகன் எடையில் இப்போது யார் யார், அவர்களுக்கு இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம்? மல்யுத்தத்துக்கென்று தனி வைப்புநிதி உண்டா? காயம்பட்டு ஆடமுடியாமல் போனால் கொடுத்த உதவி தொடருமா?

கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

ஜெர்ஸி அம்மா

எழுதி வைத்துக்கொண்டேன். வார்ட்பர்க் என்ற பெயரைச் சொன்னதும் மகன் முகத்தைச் சுளித்தான். பிறகு தனியாக உட்கார்ந்து அவர்கள் ஆட்டங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கோடையில் அயோவாவின் முகாமுக்கு மட்டுமாவது போகவேண்டும் என்கிறான். அதற்குப் பணம் கட்டலாமா?

கருப்பு மேட்

தாராளமாகக் கட்டுங்கள். புதுக் கூடத்தையும் பார்த்த மாதிரி ஆகும். வரும் வழியில் வேவர்லி இரண்டு மணி நேரத்துக்குள் தான். முன்கூட்டியே வார்ட்பர்க் பயிற்சியாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு அங்கேயும் எட்டிப் பார்த்துவிடுங்கள். மகனே எழுதட்டும், நீங்கள் எழுதாதீர்கள். அம்மா எழுதிய கடிதத்தைப் பயிற்சியாளர்கள் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மலைச்சிங்கம்

பென் ஸ்டேட் முகாமும் இருக்கிறது அக்கா. நியூ ஜெர்சியிலிருந்து காரிலேயே வந்துவிடலாம்.

சோளக்காட்டான்

ஆள்பிடிப்பு ஆரம்பித்துவிட்டார் பாருங்கள்.